வரப்புப் புல்லும் பால் மிஷினும்

தங்கமணிக்கு இருந்தது ஒரே ஒரு மாடு. தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அந்த மாட்டை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடியது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. புல் அறுப்பதெல்லாம் ஊரின் பெரிய நிலக்காரர் பொன்னுரங்கத்தின் வரப்பில்தான். அவர் அதற்குக் காசு வாங்கமாட்டார். அறுவடைக்குக் கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் போகவேண்டும், எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பது நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரில் ஒரு பால் சங்கம் இருந்தது. பால் ஊற்றுகிறவர்கள்தான் அதற்கு முதலாளிகள். இருபது மாடு கட்டியிருக்கும் பொன்னுரங்கத்துக்கும் ஒரு ஓட்டு, தங்கமணிக்கும் ஒரு ஓட்டு. சித்திரை வெயிலில் பால் வண்டி வருவதற்குள் பால் திரிந்துபோய்க்கொண்டே இருந்ததால், பாலைக் குளிரவைக்கும் மிஷின் வாங்கப் பொதுக்கூட்டம் போட்டார்கள்.

செயலாளர் ஒரு வழி சொன்னார். வங்கியில் கடன் வாங்கி மிஷினை இறக்குவது. லிட்டருக்கு ஒரு ரூபாய் பிடித்துக் கடனை அடைப்பது. பிடித்த பணம் அவரவர் பங்காகச் சேரும். மிஷின் எல்லாருக்கும் சொந்தம்.

பொன்னுரங்கம் எழுந்தார். "ஏழபாழைங்க வவுத்துல இன்னாத்துக்குக் கை வைக்கிறீங்க? மிஷின நான் வாங்கிப் போடறேன். என் பேர்ல இருந்துட்டுப் போவுது. லிட்டருக்கு அம்பது பைசா வாடகை குடுங்க, போதும்."

தலைகள் ஆடின. பாதிக்குப் பாதி மிச்சமென்றால் யாருக்குக் கசக்கும்? அவர் சொன்னதும் நல்ல மனசோடுதான், அதில் பொய் இல்லை. தங்கமணியும் தலையாட்டத்தான் இருந்தாள். அதற்குள் வரப்பு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"மாமா, உங்க வரப்புல அறுக்கறதாலதான் என் மாடு உசுரோட இருக்குது. அத மறக்கலீங்க. ஆனா உங்க எதிர்ல எதுனா சொல்லணும்னா தொண்டைய அடைக்குது. இப்பகூட அடைக்குது. புல்லுக்காக அப்டி நிக்கிறேன். நாளைக்குப் பால் ஊத்தறதுக்கும் அப்டித்தான் நிக்கணுமாங்க?"

கை தூக்கச் சொன்னபோது சங்கமே வாங்கட்டும் என்பதற்குத்தான் கைகள் அதிகம். பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை தங்கமணி அரிவாளும் கயிறுமாக அந்த வரப்பைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். மாடோ சினை. ஏரிக்கரையிலோ மாடு வாய் வைக்காத கோரையைத் தவிர ஒன்றும் கிடையாது. நேற்று பேசிய வாயை வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

"எங்க அந்தாண்ட போற?" மோட்டார் கொட்டகையிலிருந்து பொன்னுரங்கம் கேட்டார்.

"எந்த மூஞ்ச வச்சிக்கினு மாமா இங்க வர்றது?"

"கோவம் இருக்குது. இல்லன்னு சொல்லல. அதுக்கு மாட்டப் பட்டினி போடுவியா? வந்து அறு."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவர் வாய்க்காலை மடை மாற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இருக்கற வரிக்கும் அம்பது பைசாதான் வாங்கியிருப்பேன், தங்கமணி. எனக்கப்பறம் எம்புள்ளைங்க இன்னா கேப்பானுங்கன்னு ராத்திரி யோசன பண்ணிக்கினு படுத்திருந்தேன். எனக்கே தெரியல."

தங்கமணிக்குக் கண் கலங்கிப் புல் தெரியாமல் போகவே, அரிவாளைச் சும்மா பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.