தராசில் ஏறிய நாள்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் கணவருக்கு மிளகு குடோன், மாடியில் எனக்குத் தையல் கடை. சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டும் பைத்தியம் முதலில் அவருக்குப் பிடித்தது, பிறகு எனக்கும். இருவர் உட்காரும் டிசைனைத்தான் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம்.

எஞ்சினை முடிவு செய்யும் நாளில் அவருடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். சாயா கொண்டுவந்த என்னிடம் என் கணவர் மிளகு மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, "ஏறு, பாக்கலாம்" என்றார். விளையாட்டென்று ஏறினேன்.

முள்ளைப் பார்த்துவிட்டு, "இவள ஏத்தினா எந்த எஞ்சினும் ரோட்டுலதான் ஓடும். ஒரு சீட்டு, சின்ன எஞ்சின், அது போதும்" என்றார்.

"சேச்சிக்கு லாரி எஞ்சின்தான் வேணும், கேட்டோ" என்றான் ஒருவன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் கணவர்தான்.

இறக்கைச் சட்டங்களில் துணியை இழுத்துத் தைக்க ஆள் தேடி அலைந்தவர், கடைசியில் என்னிடமே வந்தார். தைத்துக் கொடுத்தேன்.

முதன்முதலாகப் பறக்க வேண்டிய காலையில், மைதானத்தில் பெல்ட்டை மாட்டியவர் இறக்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தையல் எல்லாம் ஸ்ட்ராங்தானே?"

"பறந்து பாருங்க" என்றேன்.

முகம் வெளிறிப்போய், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். நண்பர்களிடம் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார். விமானம் இன்னும் குடோனில்தான் நிற்கிறது.

ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துத்தான் போட்டேன். ஒன்றுகூட அவிழாது. அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.