மூன்று மாதம் அணைக்காத லேப்டாப்

இன்று மாகறலில் ஒரு அக்காவின் லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

"நைட்ல ஆஃப் பண்ணுவீங்களாக்கா?"

"இல்ல தம்பி. மூணு மாசமா ஓடிக்கினேதான் கீது."

நோயைக் கண்டுபிடித்துவிட்ட குஷி எனக்கு! "அதுக்கும் ரெஸ்ட் வேணும்க்கா" என்று கிளாஸ் எடுத்துக்கொண்டே, கேட்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டேன்.

பாஸ்வேர்டு கேட்டது. "சொல்லுங்கக்கா" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு வெச்சது. யார்கிட்டயும் சொல்லாமலே செத்துப் போயிட்டாரு. அதான் நைட்ல கூட அணைக்கல. கொயந்தைய கொஞ்சிக்கினு எடுத்த வீடியோல்லாம் உள்ளதான் கீது."

குழந்தையின் பெயர், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை.

"பரவால்ல தம்பி, நாஷ்டா துன்ட்டுப் போ" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே போக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்' என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.