சுவர் ஓட்டையில் ஒரு பல்பு

பிழைப்புக்காகப் பல ஊர் சுற்றிவிட்டேன். பங்களாக்களில் சர விளக்கு பார்த்திருக்கிறேன், பாலத்தடியில் விளக்கே இல்லாமலும் படுத்திருக்கிறேன். ஆனால் விளக்கு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது, ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஓட்டையில் எரிந்த ஒற்றைப் பல்புதான்.

அப்போது எனக்கு ஏழு வயது. மில்லில் அப்பாவுக்குப் பாதி நாள்தான் வேலை. எங்களுக்கு ஒருவேளைதான் சோறு. அது பழகிப்போயிருந்தது. அந்த வருஷம் வீட்டுக்காரர் தன் வரிசை வீடுகளுக்குக் கரண்டு இழுத்தார். வீட்டுக்கு ஒரு விளக்கு. எந்த மாதிரி, எங்கே என்று அவரவர் சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்கு இருந்ததே ஒரு கூடமும் ஓர் அடுப்படியும்தான். நடுவே நாங்களே எழுப்பிய மண் சுவர்.

அப்பாவுக்கு, மில்லில் துரையின் அறையில் பார்த்தது போல வெள்ளைக் குடை போட்ட தொங்கு விளக்கு வேண்டும்.

"வாரவன் போறவன் கண்ணுல படுற மாதிரி கூடத்துல தொங்கட்டும்."

அம்மாவுக்கு அடுப்படிச் சுவரில், வளைந்த கம்பியில் மாட்டும் விளக்கு.

"வாரவனுக்கு லைட்டைக் கரைச்சு ஊத்துங்க. அரிசியில கெடக்குற கல்லு எனக்குத் தெரிய வேணாமா?"

வயர் இழுக்க வந்தவர் ஏணியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். அப்போதுதான் எங்களோடு இருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். அப்பா எதிரில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, சுவத்துல ஒரு ஓட்டை போட்டு அதுக்குள்ள மாட்டினா ரெண்டு பக்கமும் வெளிச்சம் வரும்."

"மாப்ள வெவரந்தான். நாலு வீட்ல அப்படித்தான் மாட்டியிருக்கேன்" என்றார் ஏணிக்காரர்.

ஒரு சாண் போதும் என்றார் அப்பா. கடப்பாரையை எடுத்த சித்தப்பா நிறுத்தவேயில்லை. "பல்புக்கா ஓட்டை போடுறீக, பானை போறதுக்கா?" என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கொட்டாம்பட்டியிலிருந்து வந்த சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், அழுதுகொண்டிருப்பாள். ஆடிக்குத் தாய்வீடு போனால் திரும்ப மாட்டேன் என்று அவள் சொன்னதை நானும் கேட்டேன். அம்மா அதைச் சித்தப்பா காதில் போட்டுவைத்திருந்தாள்.

விளக்கு வந்தபின் சித்தப்பா மாலையில் வெளியே போவதை விட்டுவிட்டார். ஓட்டைக்கு அருகே உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைப்பார். ஒருநாள் கேட்டேன்.

"சித்தப்பா, நேத்துத் தச்ச பொத்தானையே ஏன் பிக்கிறீக?"

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா இருமிவிட்டு வாசலுக்குப் போனார்.

ஆடிக்குச் சித்தியின் அண்ணன் வந்து அழைத்துப்போனார். மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதே, அதே அண்ணனை இழுத்துக்கொண்டு சித்தி வந்து இறங்கினாள். "ஒரு மாசம் இருக்க முடியலையாம்" என்று அவர் கடுகடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் காரணம் தெரியும். கொட்டாம்பட்டியில் கரண்டு கிடையாது. ஆனால், பாவம், முந்தின நாள்தான் எங்கள் பல்பு போயிருந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் சித்தி இருண்ட அடுப்படியில் ஓட்டைக்கு நேராக நின்றாள். இந்தப் பக்கம் சித்தப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரம் வந்தும் ஏமாந்துபோனாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"வெசனப்படாதீக சித்தி, நாளைக்கு வேற பல்பு போட்டுருவாக" என்றேன்.

சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு, மறுநாள் வரை நான் இரண்டு பேரிடமும் பேசவில்லை.