பனிமூட்டத்தின் மேல் போட்ட பழி

மலைநாட்டு அக்கரப்பத்தனையில் பல்பைச் சுற்றி வானவில் தெரிந்தால் யாரும் டொக்டரைத் தேட மாட்டார்கள். பனிமூட்டம் என்பார்கள். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் நானும் இரண்டு வருடமாகப் பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாயங்காலம் தெருவிளக்குகளைச் சுற்றி அதே வானவில்லைப் பார்த்து, "இங்கயும் மூட்டம் போட்டிருக்கே" என்றேன். வியர்த்துக்கொண்டிருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொழும்புல ஏதுங்க மூட்டம்?"

அடுத்த வாரமே கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைச் சோதித்த டொக்டரம்மா, "இது ஒரு வகை கிளோக்கோமா. கருவிழியில இருக்க நிறம் தூளா உதிர்ந்து, தண்ணி வடியிற வழியை அடைச்சிருக்கு. கண்ணுக்குள்ள பிரஷர் கூடிருச்சி. இது ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் வரும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மூஞ்சைப் பாரு, பரிசு விழுந்த மாதிரி" என்றாள் மனைவி.

"மண்ணு நெறஞ்சு தண்ணி ஓடாத கான் மாதிரிங்களா டொக்டர்?" என்று கேட்டேன்.

"அதே தான். லேசர்ல அந்தக் கானைத் தூர் வாரப்போறோம். ஆனா போன பார்வை திரும்பி வராது. பிரஷர் இறங்கலன்னா லொறியை மறந்துடுங்க."

பெருமை அங்கேயே இறங்கிவிட்டது. லொறியை விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் வாயடிப்பது. அதற்குத் தோட்டத்தில் சம்பளம் கிடையாது.

லேசர் அன்று கண் மரத்துப்போக மருந்து விட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கண்மேல் ஒரு கண்ணாடியை ஒட்டினார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. வலியே இல்லை. திருவிழா வாணவேடிக்கையை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க, கண்ணு ஆடுது" என்றார் டொக்டர்.

"டொக்டர், இந்த லேசரை வீட்டுக்குக் குடுப்பீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மனைவி.

பலன் தெரிய ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் லொறிச் சாவி வேறு டிரைவரின் இடுப்பில் தொங்கியது.

மறுபடி பார்த்தபோது முப்பதுக்கு மேல் இருந்த பிரஷர் பதினேழு. பக்கப் பார்வையும் சோதித்தார்கள்.

"ஓட்டலாம். சொட்டு மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

மறுநாள் காலை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் டொக்டரின் துண்டுச் சீட்டைக் காட்டிச் சாவியை வாங்கினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"என்னாண்ணே, லொறி எங்க நிக்குதுன்னாச்சும் தெரியுதா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"தெரியுது. ஒன் கூடைல பாதி கொழுந்தில்ல, முத்தின எலன்னும் தெரியுது."

அவள் சட்டென்று கூடையைத் துண்டால் மூடினாள். நான் இஞ்சினைப் போட்டேன்.