‘சில நேரம்’ என்று ஒரு நேரம் கிடையாது

குரும்பலூரில் கார் எலக்ட்ரிக் வேலை பார்த்த தனபால் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி மல்லிகா போனில் சொன்னபோது, விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை முழுதாகப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதி வேலையில் எழுந்து வந்தால் தனபாலுக்குப் பிடிக்காது. அவரிடம் வண்டி விட்ட எல்லோருக்கும் அது தெரியும்.

நான் கிராம நர்ஸ். அரியலூரிலிருந்து பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். மூன்று வருடம் முன்பு அதன் பவர் ஸ்டீயரிங் திடீர் திடீரென்று இறுகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஒருநாள் அரியலூர் வளைவில் இறுகிக்கொண்டது, எதிரே சிமெண்ட் லாரி. தப்பியது என் சாமர்த்தியம் இல்லை, லாரி டிரைவருடையது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே போனால் வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஸ்டீயரிங் மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார்கள். என் கணவர் காரை விற்றுவிடச் சொன்னார். விற்றால் பஸ் போகாத நாலு ஊரை நான் கைவிட வேண்டியதுதான்.

யாரோ சொல்லித் தனபாலிடம் போனேன்.

“எப்ப இறுகுது?”

“சில நேரம் இறுகுதுண்ணே.”

“சில நேரம்னு ஒரு நேரம் கிடையாது சிஸ்டர். எந்த நேரம்னு பார்த்து எழுதிட்டு வாங்க. மெதுவா ஓட்டுங்க. இறுகினா ரெண்டு கையாலயும் பலமா திருப்புங்க, திரும்பும். அதுவரைக்கும் நான் பானெட்டைத் தொறக்க மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இவர் என்ன எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார் என்று முணுமுணுத்தபடியே எழுதினேன். பத்தாவது நாள் பார்த்தால் எல்லாம் உச்சிவெயிலில், ஏசி ஓடும்போது, மெதுவாகத் திரும்பும் இடத்தில். காலையில் ஒருமுறைகூட இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு கரண்டு பார்க்கும் மீட்டரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தார், மறுமுனையைக் காரின் பாடியில். ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். “பூஜ்யத்துகிட்டயே நிக்கணும், ஏறுது பாருங்க. ஏசியும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து இழுக்கையில எர்த்து சரியா புடிக்கல.” பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் வயரைப் பாடியோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் கெட்டியாக இருந்தன.

வைத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்தபோது, துருப்பிடித்த அந்த போல்ட்டையும் கழற்றித் துடைத்து, அந்த இடத்தில் பொட்டு வைத்து, மேலேயே முறுக்கிவிட்டிருந்தேன்.

“சாமிக்கு வெச்சது சரி. கரண்டு போற வழியிலயா வெப்பாங்க?” என்று சிரித்தார். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார், அவ்வளவுதான். ஒரு சாமானும் மாற்றவில்லை. அன்றிலிருந்து ஸ்டீயரிங் இறுகியதே இல்லை.

இரண்டு மாதம் முன்பு பிரேக் லைட் பார்க்கப் போனேன். “சில நேரம் இடது தோள் இறுக்குது சிஸ்டர்” என்றார். “குனிஞ்சே வேலை பார்க்கிறீங்க, தைலம் தேய்ங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நர்ஸ் நான். எந்த நேரம் என்று கேட்கவில்லை.

துக்க வீட்டில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மாடி ஏறினாதான் இறுக்கும், உட்கார்ந்தா விட்டுரும்.” அது இதயத்தின் வலி. கேட்டிருந்தால் தனபால் அண்ணன் எனக்கும் சொல்லியிருப்பார். என்னை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் ஒரு பெரியவர், “சில நேரம் நெஞ்சை அடைக்குதும்மா” என்றார். பையை மூடிக்கொண்டிருந்தவள் மறுபடி திறந்தேன்.

“சில நேரம்னு ஒரு நேரம் கிடையாதுங்க. எந்த நேரம்?”

“புல்லுக்கட்டு தூக்கிட்டு மேடு ஏறையில.”

வேண்டாம் வேண்டாம் என்றவரை விடாமல் காரில் ஏற்றினேன். அந்த அரியலூர் வளைவில் ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியது. ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

தனபால் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த ஒரு கேள்விதான். அவரிடம் கேட்காமல் விட்டதை இனி ஒருவரிடமும் கேட்காமல் விடமாட்டேன்.