போகிக்கு வெட்டாத மூலை

கதிர்காமத்தில் அப்போது வீடுகளைவிட வயல்கள்தான் அதிகம். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கிணறு, கிணற்றைத் தாண்டினால் கம்பங்கொல்லை. என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, சொல்தா என்கிற சிப்பாயாகச் சைகோனுக்குப் போனவர். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கிளம்பிய வருடத்தோடு அவரைப் பற்றிய செய்தியும் நின்றுபோயிற்று. அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

கொல்லையைக் கொழுந்தனார் பயிர் செய்தார். அவர் மனைவி, என் ஓர்ப்படி, மதில்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தாள். ஒரு நாளில் என்னோடு பேசுகிற குரல் அவளுடையது ஒன்றுதான்.

கார்த்திகையில் கதிர் அறுத்த பிறகு கம்பந்தாள் அப்படியே நிற்கும். உதிர்ந்த தானியமும் மழையில் வளர்ந்த புல்லின் விதையும் தரை முழுக்கக் கிடக்கும். மார்கழி பிறந்ததும் தினைக்குருவிகள் வந்துவிடும். மார்பில் மீன் செதில் போலப் புள்ளி வைத்த சின்னஞ்சிறு குருவிகள். கூடவே தூக்கணாங்குருவிகளும் வரும். பனிக்காலத்தில் அவற்றின் மஞ்சள் போய், பார்வைக்கு ஊர்க்குருவி மாதிரியே இருக்கும். புல் தண்டில் ஒரு தினைக்குருவி உட்கார்ந்தால் தண்டு வளைந்து தரையைத் தொடும். குருவி தண்டை விடாமலே விதையை உருவித் தின்னும். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்திருப்பேன். தேய்த்து முடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஐம்பத்தெட்டு வாக்கில் கொழுந்தனார் மோட்டார் வைத்தார். தண்ணீர் வந்ததும் கம்பு போய்க் கரும்பு வந்தது. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களும் அப்படியே செய்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. கம்பு போட்டு யார் நிமிர்ந்தார்கள்? ஆனால் மார்கழியில் தாள் நிற்கிற நிலம் என்று சுற்றுவட்டத்தில் எதுவும் இல்லாமல் போயிற்று. முன்பெல்லாம் குருவிக்கூட்டம் எழுந்தால் புடவையை உதறினாற்போல் இருக்கும். அது வருடத்துக்கு வருடம் சிறுத்து, கைக்குட்டையை உதறினாற்போல் ஆயிற்று.

கிணற்றுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில், ஏர் திரும்ப முடியாத ஒரு மூலை மிஞ்சியது. அங்கே புல்லும் தானாக முளைத்த கம்பும் இடுப்பளவு நின்றன. மிச்சமிருந்த குருவிகள் அதில்தான் இறங்கின. அந்த மூலையை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்க எனக்குப் பல நாள் ஆயிற்று. கொழுந்தனார் கொட்டகையைப் பூட்ட வந்த ஒரு சாயங்காலம், கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னேன்.

“இன்னா அண்ணி, குருவிக்குக் குத்தகை வுட்டுட்டீங்களா? குத்தகை நெல்ல ஒழுங்கா அளந்துடுமா?” என்று சிரித்தார். “சரி, இருந்துட்டுப் போவுது.”

அதை அவர் தம் மனைவியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போகியன்று வீட்டைச் சுற்றிச் செத்தை இல்லாமல் வெட்டிக் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். செய்யாத வீட்டை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். அந்தப் போகிக்கு நான் காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய், பானையும் மஞ்சள் கொத்தும் வாசலில் தொங்கவிட நெற்கதிரும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பின்பக்கம் புகைந்துகொண்டிருந்தது.

“வந்துட்டியா அக்கா? வந்து பாரு!” ஓர்ப்படி முகமெல்லாம் கரியாக நின்றாள். “ஆம்பள இல்லாத வூடு, காடா கெடக்குதுன்னு நாலு பேரு சொல்லக் கூடாது பாரு. நானே வெட்டிக் கொளுத்திட்டேன். கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு.”

“எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்பட்ட” என்றேன்.

“ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? ஓட்டப் பானையக் குடுத்து அனுப்பிட்டானா?”

நெற்கதிரை நிலைப்படியில் கட்டினேன். ஊர்க்குருவிகள் கொத்தின. தினைக்குருவிகள் வாசல் பக்கமே வரவில்லை. கருகிய மூலையில் கம்பு வாங்கி இறைத்துப் பார்த்தேன். கொட்டகைக் கூரையில் வந்து உட்கார்ந்தன, கீழே பார்த்தன, போய்விட்டன. தீனி இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒளிந்துகொள்ள நாலு புல் இல்லாத வெட்டவெளியில் அவை இறங்குவதில்லை. அந்தத் தை மாதம் முழுக்க நான் ஓர்ப்படியோடு பேசச் சுவர்ப்பக்கம் அதிகம் போகவில்லை.

மழைக்குப் புல் மறுபடி எழுந்தது. அடுத்த போகிக்கு நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஓர்ப்படி அரிவாளோடு வந்தபோது மூலைக்கு முன்னால் நின்றிருந்தேன்.

“நவுரு அக்கா, வெய்யில் ஏர்றதுக்குள்ள முடிச்சுடறேன்.”

“வேணாம்மா. இத வெட்டாத.”

“இன்னாத்துக்கு?”

“குருவி வருது.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நான் நகராததைக் கண்டு சிரிப்பு நின்றது.

“போன வருசம் மூஞ்சி குடுக்காம இருந்தியே, இதுக்குத்தானா? குருவிக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்?”

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பொங்கலன்று அவள் வரவில்லை. சுவர்மேல் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ‘அக்கா’ என்று கூப்பிடுவாள் என்று கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன். அந்தப் பக்கம் பேச்சுக்குரல் இருந்தது, என்னைக் கூப்பிடவில்லை. போய் எடுத்தேன். பொங்கல் இன்னும் சூடாக இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூலையில் ஒரு புல் தண்டு வளைந்து தரையைத் தொட்டது. அடுத்த தண்டு வளையுமா என்று வெகுநேரம் பார்த்திருந்தேன்.