பூனைக்கு விட்ட மூன்றடி

ஓசூரில் வீடு கட்டியபோது, பக்கவாட்டில் காலியாக விடச் சொன்ன இடத்தையும் வளைத்து எல்லைவரை சுவர் எழுப்பிவிட்டு, சட்டத்தையே ஏமாற்றிவிட்டதாகப் பூரித்துப்போன முட்டாள் நான். பக்கத்து மனைக்கு உத்தனப்பள்ளியிலிருந்து முனிராஜ் வந்தார்; கம்பெனியில் வேலை. அவர் விதிப்படி மூன்றடி விட்டுக் கட்டினார்.

“என்ன முனிராஜ், பூனை நடக்கவா இடம் விட்டிருக்கீங்க?” என்று தெருவே சிரிக்கும்படி கேட்டேன்.

“பிளான்ல அப்படித்தான் இருக்குதுங்க சார்” என்றார்.

அடுத்த மழைக்கு என் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. அதை ஒட்டியிருந்த அலமாரியில் நான் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பூஞ்சை பிடித்தன. உள்ளே எத்தனை முறை பூசியும் பயனில்லை.

“வெளிய பூசாம இது நிக்காதுங்க” என்றார் மேஸ்திரி. வெளியே என்றால் முனிராஜின் மூன்றடி.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் மறுபேச்சின்றி கேட்டைத் திறந்துவிட்டார். என் வீட்டின் முதுகை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று பூசாமல் விட்ட செங்கல், பாசி, இடுக்கில் ஓர் அரசங்கன்று. அந்தச் சந்தில் ஓர் ஆள் சாரம் கட்டி நின்று பூசத் தாராளமாக இடமிருந்தது. இந்த விதியை எழுதியவர் என்றைக்கோ ஈரச்சுவரோடு குடித்தனம் நடத்தியிருப்பாரோ என்று யோசித்தபடி நின்றேன்.

வேலை முடிந்ததும் நன்றி சொன்னேன்.

“எங்கிட்ட எதுக்குங்க சார்? பூனைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார் முனிராஜ்.